பாதி ராசாங்கம், பாதி என்ர மகன்

மன்னாரில எங்கட வேதக்கோயில் பங்குச் சனம் என்னை ஒரு பிளேன் கம்பனி முதலாளி எண்டுதான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தது. அதுக்கு முழுக் காரணம் அம்மா. நான் வேலை செய்த கம்பனி ரெண்டு பேருக்குச் சொந்தம், ஒரு பாதி ஒரு சின்னத் தீவுநாட்டு அரசாங்கத்துக்கு, மற்றப் பாதி ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பனிக்கு எண்டு ஒருநாள் போனில விளங்கப்படுத்தினன். அடுத்த ஞாயிறு பூசை முடிய அம்மா நேர சாமியாரிட்டப் போய், அந்தப் பிளேன் பாதி ராசாங்கத்தின்ர, பாதி என்ர மகன்ர எண்டு சொல்லிப்போட்டா. சாமியாரும் எனக்காக ஒரு செபம் சொன்னவராம்.

என்ர பாதி எதெண்டா, பிளேன்ர வயிறு. லண்டன் எயர்போட்டில நான் சூட்கேஸ் ஏத்திறவன். முழங்காலில நிண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, உள்ளுக்கு உள்ளுக்கு அடுக்கவேணும். எட்டாம் வகுப்பில பள்ளிக்கூடம் என்னட்ட இருந்து தப்பிப் போச்சுது. என்ர இங்கிலீசு முழுக்கச் சூட்கேசில ஒட்டியிருக்கிற துண்டுகளில படிச்சதுதான். பாரம், உடையும், இந்தப் பக்கம் மேல. மனிசரோட கதைக்க அது காணும்.

எழுத்து வேலைக்குக் கந்தோர் எண்டு ஒரு அறை. அதில ரெண்டு மேசை, ரெண்டு மனேச்சர். ஒருத்தர் தீவுக்காரர், மற்றவர் மற்றக் கம்பனி அனுப்பின ஆள். ரெண்டு பேருக்கும் ரெண்டு தேத்தண்ணிக் கேத்தில், ரெண்டு கலண்டர். ஒராள் ஹீட்டரைப் போட்டா மற்றவர் யன்னலைத் திறப்பார். நேர கதைக்கமாட்டினம். 'அவரிட்டச் சொல்லு', 'இவரிட்டக் கேள்' எண்டு என்னைத்தான் அனுப்பிறது. நாலடி தூரத்துக்கு நான் தபால்காரன். எந்தக் கடதாசியிலயும் ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும், அது ஒப்பந்தமாம். ஒருமுறை குளிருக்குக் கையுறை கேட்டு எழுதினன். தீவுக்காரர் உடன வச்சுட்டார். மற்றவர், கையுறை தங்கட கம்பனிக் கலரில இருக்கவேணும் எண்டு நிண்டுட்டார். கையுறை வரேக்க வெயில் வந்திட்டுது. அதைப் போட்டுக்கொண்டு பின்வளவில ரோசாவுக்குக் கொப்பு வெட்டினன்.

இப்பிடி ஒரு கம்பனியில ஏன் கிடந்தனெண்டு கேப்பியள். அம்மாவைப் பாக்கத்தான்.

அகதிக்குப் பாஸ்போட்டுக்குப் பதிலாக் குடுக்கிற நீலப் புத்தகத்தில, இலங்கை தவிர மற்ற எங்கையும் போகலாம் எண்டு அடிச்சிருக்கும். அம்மா இருக்கிறது அந்தத் தவிர எண்ட இடத்தில. எங்கட சனம் இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. நடுவில ஒரு நாட்டைப் பிடிச்சு, தாய் ஒரு பக்கத்தால வர, பிள்ளை மற்றப் பக்கத்தால போய்ச் சந்திக்கிறது. லண்டனில மிச்சம் எண்ட இடத்தில, எங்கட ரோட்டில இருக்கிறவை சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்ப் பாத்திட்டு வந்து படம் காட்டுவினம். எனக்கு ரெண்டு நாடும் விசா தரேல்ல. இந்தத் தீவு கொழும்பில இருந்து ஒரு மணித்தியாலச் சொச்சம். இலங்கைப் பாஸ்போட்டெண்டா இறங்கின இடத்திலயே முத்திரை குத்துவினம். என்ர நீலப் புத்தகத்தை அந்தத் தீவு அரசாங்கமும் ஏற்காது, ஆனா கம்பனி ஆள் எண்டா, கம்பனி பாதி அரசாங்கம்தானே, ஒரு கடிதத்தோட உள்ளுக்கு விடுவினம். ரெண்டு வருசம் வேலை செய்தா எனக்கும் டிக்கட், தாய் தகப்பனுக்கும் டிக்கட். யூனிபோம் வரமுதலே நான் திட்டம் போட்டுட்டன்.

அம்மா பாஸ்போட் எடுத்திட்டா. படத்தில பொலிஸ் பிடிச்ச ஆள்மாதிரி முழுசிக்கொண்டு இருந்தா. பிளேனில சோறு தருவினமோ, இல்லாட்டி நான் கட்டிக்கொண்டு வாறதோ எண்டு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டா. உங்கட பிளேன், நீங்க சொல்லுறதுதான் சமைப்பினம் எண்டன்.

பிழை விட்டது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். குடும்ப விபரம் எண்டு ஒரு படிவம் தந்தவை. தகப்பன் செத்திட்டார் எண்டு எழுதினன், அது உண்மை, மாரடைப்பு. தாய் எண்ட இடத்திலயும் செத்திட்டா எண்டு எழுதினன். தங்கச்சி ஒராள், உயிரோட. கை ஒரு இடத்திலயும் நிக்கேல்ல.

இதை விளங்கப்படுத்தவேணும். செத்தது தங்கச்சி. கடைசிச் சண்டையில, பங்கருக்கு வெளியில தண்ணி எடுக்கப் போகேக்க ஷெல் விழுந்து செத்தவள். நான் இஞ்ச வந்து அடைக்கலம் கேக்கப்போகேக்க, என்னோட ஒரே அறையில இருந்த ஒரு அண்ணை எனக்கு வகுப்பு எடுத்தவர். தங்கச்சி காணாது, எல்லாரும் தங்கச்சி சொல்லினம், தாயைச் சொல்லு, தாய்தான் பாரம் எண்டார். பாரம் எண்டா எனக்கு விளங்கும்தானே. குரோய்டனில அகதியளை விசாரிக்கிற அந்தப் பெரிய கட்டிடத்துக்குள்ள இருந்து நான் அம்மாவைச் சாக்காட்டினன். என்ன உடுப்புப் போட்டிருந்தா, ஆர் தூக்கினது, எங்க தாட்டது எண்டு எல்லாம் கேட்டவை. எல்லாம் தங்கச்சிக்கு நடந்தபடியே சொன்னன், ஆளை மட்டும் மாத்தினன். அழுகை தன்ரபாட்டில வந்தது, அதில கலப்படம் இல்லை.

விசா கிடைச்ச அண்டு அதே அண்ணை இன்னொண்டும் சொன்னவர். ஒருக்காச் சொன்னதை எந்தக் கடதாசியிலயும் மாத்தாதை, சாகுமட்டும் அதுதான் உன்ர கதை எண்டு. நான் படிப்பில மொக்கு, கட்டளைக்குக் கீழ்ப்படியிறதில கெட்டிக்காரன். கவுன்சில், டொக்டர், பாங்க் எல்லா இடத்திலயும் அம்மா செத்துப்போனா. அந்தக் கையாலதான் கம்பனிப் படிவத்தையும் நிரப்பினன்.

ரெண்டு வருசம் முடிய டிக்கட்டுக்கு எழுதிப் போட்டன். தீவுக்கார மனேச்சர் கூப்பிட்டார். உன்ர தாய் செத்திட்டா எண்டு இருக்கு, ஆருக்கு டிக்கட் கேக்கிறாய் எண்டார். காலமை என்னோட கதைச்சவ எண்டன். பேனையை வச்சுப்போட்டுத் தன்ர கேத்திலில தேத்தண்ணி போட்டு எனக்கு ஒரு கோப்பை தந்தார். முழுக்கக் கேட்டார். பேந்து சொன்னார், தங்கட தீவிலயும் சனம் அரசாங்கத்துக்குப் பொய் சொல்லுறதுதான், ஆனா இந்த அறையில அரை அரசாங்கம் தான்தான், அதால தனக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்காம். தாய் உயிரோட இருக்கிறா எண்டு ஊரில இருந்து முத்திரையோட ஒரு கடிதம் எடு, கம்பனிக் கோப்பில மட்டும் திருத்துவம், வெளியில போகாது எண்டார்.

அம்மாவுக்குப் போன் பண்ணி, நீங்க உயிரோட இருக்கிறியள் எண்டு சாமியாரிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ எண்டன். அம்மா முதல் சிரிச்சா. ஏன், எனக்கென்ன பென்சன் வருதோ எண்டா. ஓம் எண்டு ஒரு பொய்யை விட்டிருக்கலாம். பொய் எனக்கு வராத வேலை இல்லை. அண்டைக்கு ஏன் உண்மை சொன்னனெண்டு இண்டைக்கும் தெரியேல்ல.

அம்மா பேந்து கேட்டா.

'என்னை எப்பிடிச் சாக்காட்டினனீ?'

'ஷெல் விழுந்து.'

'எங்க வச்சு?'

'பங்கருக்கு வெளியில. தண்ணி எடுக்கப் போகேக்க.'

'அப்ப அவள்?'

'அவள் இருக்கிறாள் எண்டு சொன்னனான், அம்மா.'

'எங்க இருக்கிறாள்?'

'வவுனியாவில. மாமி வீட்டை.'

'நல்லா இருக்கிறாளோ?' எண்டு கேட்டிட்டு அம்மா போனை வச்சிட்டா.

அதுக்குப் பிறகு ரெண்டு ஞாயிறு போன் இல்லை. மூண்டாம் கிழமை கடிதத்தின்ர படம் மட்டும் வந்தது. இவர் இந்தப் பங்கில் வசிப்பவர், ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருபவர், உயிரோடு இருக்கிறார் எண்டு சாமியார் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்து வச்சிருந்தார்.

தீவுக்காரர் பாத்த உடன கையெழுத்து வச்சார். நான் அதை நாலடி கொண்டுபோய் மற்ற மேசையில வச்சன். அவர், மூலக் கடிதம் வேணும், மொழிபெயர்ப்பு வேணும், மொழிபெயர்த்த ஆளின்ர முத்திரை வேணும் எண்டார். எல்லாம் எடுத்துக் குடுத்தன். அதை மேசையில இருந்த கடதாசித் தட்டில போட்டார். ஒவ்வொரு ஷிப்டும் முடிய எட்டிப் பாப்பன். தட்டில கிடக்கும். மேல வேற கடதாசியள் ஏறும், நான் கீழ இருந்து இழுத்து மேல வச்சுப்போட்டுப் போவன். சூட்கேஸ் அடுக்கிறவனுக்கு இதாவது தெரியாட்டி என்ன.

ஒரு திங்கட்கிழமை போனா அந்த மேசை வெறுமை. கலண்டர் இல்லை, கேத்தில் இல்லை, தட்டும் இல்லை. வெளிநாட்டுக் கம்பனி பங்கைப் பிரிச்சுக்கொண்டு போட்டுதாம். ஆர் பெரியாள் எண்டதில சண்டையாம், புதுப் பிளேனில ஆரின்ர கலர் அடிக்கிறது எண்டதில சண்டையாம், எங்களுக்கு வந்தது கன்ரீன் கதைதான். பிளேன் வாடகைப் பிளேன், அதின்ர சொந்தக்காரன் வந்து கொண்டுபோட்டான். அந்தக் கிழமை லண்டன் பறப்பு நிண்டது, அடுத்த மாதம் கொழும்புப் பறப்பும் நிண்டது.

தீவுக்காரர் ஒரு பெட்டியில சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். என்ர கடதாசியைப் பற்றிக் கேட்டன். தன்ர கையெழுத்து இப்பவும் செல்லும், அதை வச்சுக்கொண்டு நான் பாதி வழி போகலாம் எண்டார். பாதி வழியில என்ன இருக்கு எண்டு கேட்டன். கடல்தான் எண்டார். ரெண்டு பேரும் சிரிச்சம். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டுபோய் அவற்ற காரில ஏத்தினன். கடைசியா அந்தக் கம்பனிக்கு நான் ஏத்தின சாமான் அது.

பேந்து வேற கம்பனியில அதே வயிறு, அதே முழங்கால். கலியாணம் முடிச்சு ரெண்டு பிள்ளையளும் பிறந்திட்டுதுகள். நாலைஞ்சு வருசத்தில பிரிட்டிஷ் பாஸ்போட்டும் வந்தது. இனி நடு நாடு ஒண்டும் தேவையில்லை, நேர மன்னாருக்கே போகலாம். சந்தோசமா அம்மாவுக்குப் போன் எடுத்து, டிக்கட் பாக்கிறன், பாலன் பிறக்கிற நத்தாருக்கு வாறன் எண்டன்.

'வா,' எண்டா அம்மா. 'வரமுதல் அவளை அந்தக் கடதாசியில எழுதிப்போட்டு வா.'

எந்தக் கடதாசி எண்டு நான் கேக்கேல்ல, குரோய்டனில குடுத்ததுதான். அம்மா தன்ரபாட்டில சொன்னா, என்னைச் சாக்காட்டினதுக்கு நான் கோவிக்கேல்ல, நீ தப்பினாய், அது காணும். அவளின்ர சாவை எடுத்து எனக்குப் போட்டிட்டாய். பிள்ளைக்கு இருந்தது அது ஒண்டுதான், அதையும் குடுக்கேல்ல நீ. அங்க எழுதி வச்சிருக்கிறதில அவள் இன்னும் மாமி வீட்டில இருக்கிறாள். அதை மாத்தாமல் என்ர முகத்தைப் பாக்க வராதை. கத்தேல்ல. மீன் விலை சொல்லுறமாதிரிச் சொன்னா.

மிச்சத்தில பலசரக்குக் கடைக்கு மேல இருக்கிற எங்கட லோயரிட்டப் போனன். என்னிலும் இளசு, நல்ல பிள்ளை. பாதி கேக்கேக்கயே எழுதுறதை நிப்பாட்டிப் பேனையை மூடிட்டுது. அண்ணை, இதை நீங்க சொல்லேல்ல, நான் கேக்கேல்ல எண்டுது. திருத்தப் போனா எல்லாத்தையும் திரும்பக் கிண்டுவினமாம், பொய் சொல்லி எடுத்தது எண்டு பாஸ்போட்டையே பறிக்கலாமாம். என்ர பாஸ்போட்டில மனிசியும் ரெண்டு பிள்ளையளும் தொங்கினம். அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ, வயசு போனவ, விளங்குவா எண்டுது. அம்மாவுக்கு விளங்காத ஒண்டும் இல்லை எண்டதுதான் என்ர கரைச்சல் எண்டு சொல்லிப்போட்டு இறங்கி வந்திட்டன்.

நான் போகேல்ல. அந்த நத்தாருக்கும் இல்லை, அதுக்குப் பிறகு வந்த நத்தாருகளுக்கும் இல்லை. அம்மா ஞாயிறு எடுக்கிறா. பேரப்பிள்ளையள் இங்கிலீசில கதைக்க, அவ தமிழில கதைக்க, ரெண்டு பக்கமும் நல்லா விளங்குது. மனிசியோட கறி கதைக்கிறா. என்னட்ட, சாப்பிட்டியோ எண்டு மட்டும் கேக்கிறா. சாப்பிட்டன் எண்டு சொல்லுறன். கலியாண வீடுகளில நான் பழைய கம்பனிப் பகிடியளை விட, சனம் வயிறு நோகச் சிரிக்கும். ஏன் ஊருக்குப் போறேல்ல எண்டு ஆரும் கேட்டா, பிளேனின்ர வயிறு எனக்குத் தெரியும், அதால மேல இருக்கப் பயம் எண்டுவன். அதுக்கும் சிரிப்பினம்.

இந்த வருசம் தங்கச்சியின்ர நினைவுநாள் வரமுதல் ஒரு யோசனை வந்தது. எங்கட கோயிலில பூசைக்குப் பேர் குடுக்க ஒரு படிவம் இருக்கு. வேலைக்குப் போற உடுப்போட போய் அதை வாங்கினன். இறந்தவரின் பேர் எண்ட இடத்தில அவளின்ர பேரைப் பெரிய எழுத்தில எழுதினன். என்ன முறை எண்ட இடத்தில தங்கச்சி எண்டு எழுதினன். அவள் செத்தது எண்டு இந்த நாட்டில நான் எழுதின முதல் கடதாசி அது. கடவுளுக்கு உண்மை எழுதிறதில எனக்கு ஒரு பயமும் இல்லை, அவர் பாஸ்போட் பறிக்கமாட்டார். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினன்.

கொஞ்சநேரத்தால எடுத்தா. கிழமைநாளில அம்மா எடுக்கிறேல்ல.

'பாத்தன். வடிவா எழுதியிருக்கிறாய்,' எண்டா.

எனக்கு டிக்கட் பாக்கட்டோ எண்டு வாய்க்குள்ள வந்திட்டுது.

'அது கோயில் கடதாசி, மோனை. நான் கேட்டது கந்தோர்க் கடதாசி.'

ஓம் அம்மா எண்டன். ஷிப்டுக்கு நேரமாச்சு, வைக்கிறன் எண்டன். ஷிப்டுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடந்தது.