மெக்சிகோவுக்குப் போன சாமத்திய வீட்டு ஆல்பம்

ஜெர்மனியின் ஹம் நகரத்துப் பள்ளிக்கூடமொன்றில் இப்போது ஸ்பானிய மொழி படிப்பிக்கிறேன். போன கிழமை மேலிடத்திலிருந்து ஒரு தடித்த கோப்பு வந்தது. ஸ்பானிய மரபு வாரத்தில் அந்தந்த நாட்டுப் பிள்ளைகளையே பேச வைக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம், அவர்களுக்கு லூசியாவைத் தெரியாது.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் லூசியா. மூன்று வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவள். அந்த நாட்டைப் பற்றி என்னளவுக்குத்தான் அவளுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆசிரியை விடவில்லை. மெக்சிகோப் பெண்பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவைப் பற்றி, வீட்டுப் படங்களோடு வந்து பேசு என்றார். அவள் வீட்டில் விழாவும் நடந்ததில்லை, படமும் இல்லை. மற்றப் பாடங்களில் தள்ளாடிக்கொண்டிருந்தவள், இதிலும் கோட்டைவிட்டால் வகுப்பேற்ற மாட்டார்கள்.

எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? அக்கா பெரியபிள்ளையானபோது மண்டபம் எடுத்துச் செய்த சாமத்திய வீட்டு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். புலம்பெயர்ந்த எங்கள் ஆக்களின் கொண்டாட்டம் உங்களுக்குத் தெரியும்தானே. வெள்ளைக் கவுன், கிரீடம், ஐந்தடுக்குக் கேக், குதிரை வண்டி! ஒன்றுவிட்ட அக்காவின் விழா என்று லூசியா அளந்துவிட்டாள். ஆலாத்தி எடுக்கும் படத்தைக் காட்டி, கண்ணூறு கழிக்கிறார்கள் என்றாள். அதுமட்டும் உண்மை. ஆசிரியை உருகிப்போய் உச்சப் புள்ளி போட்டார். அதோடு விட்டாரா? பெற்றோர் சந்திப்பன்று படங்களைச் சுவரில் ஒட்டி, மேலே 'மெக்சிகோ' என்று எழுதிவிட்டார்.

அம்மா வந்தார். சுவரில், பட்டுச்சேலையும் ஆலாத்தித் தட்டுமாக அவரே நின்றார். நான் லூசியாவின் பின்னால் ஒதுங்கினேன். குளிர்ச்சட்டைக்குள் இருந்த அம்மாவை ஆசிரியைக்கு அடையாளம் தெரியவில்லை. அழகான விழா இல்லையா என்று கேட்டார். அம்மா லூசியாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, மெக்சிகோக்காரருக்கு நல்ல ரசனை என்று ஜெர்மனில் சொன்னார்.

வரும் வழியில் என் தலையில் விழுந்த குட்டுகளை எழுதப்போவதில்லை. ரயிலில் ஏறியபின் அம்மா கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு எப்ப பதினைஞ்சு?"

"மாசியில."

"வரச்சொல்லு. நாங்கள் செய்வம்."

அம்மா அக்காவின் கவுனை லூசியாவின் அளவுக்குப் பிடித்துத் தைத்தார். தை மாதம் அவளுடைய தகப்பனுக்கு வேலை போய், குடும்பத்தோடு மெக்சிகோவுக்குத் திரும்பிவிட்டார்கள். கவுனும் அவளோடு போனது. எழுதுகிறேன் என்றவள் எழுதவில்லை. அந்தப் பள்ளிக் கட்டடத்தையும் இடித்தாயிற்று. திரும்பி வராத படங்களுக்காக அக்கா இன்றைக்கும் என்னை ஏசுகிறார்.

அந்த மாசியில், அவளுடைய பிறந்தநாளன்று, அம்மா யாருக்கும் சொல்லாமல் கேக் வாங்கி வந்தார். பதினைந்து மெழுகுதிரியையும் கொளுத்திவிட்டு, யாரை ஊதச் சொல்வதென்று தெரியாமல் நின்றார்.