தெற்கு மூலையை வரைந்தவன்

அந்த வரைபடத்தை வரைந்தவன் நீ இல்லை. அதில் இருக்கும் ஒரு துறைமுகமோ ஒரு வண்டிப்பாதையோ உன் கையால் வந்தது இல்லை. ஆனால் புத்தகத்தின் அட்டையில் உன் பெயர் மட்டும் இருக்கிறது. செத்தவனிடமிருந்து எடுத்தாய் என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் உயிரோடு இருக்கும்போதே எடுத்தாய்.

உனக்கு எல்லாம் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் நான் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மாடி அறைச் சாவி என்னிடம் இருக்கும். குழாய்ப் பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு நான்கு பேர் உட்காருவோம். நான், நீ, அவன், பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட இன்னொருவன். நீ நகரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். அவனுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு. காலையில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை பார்த்துவிட்டு, சிராங்கூன் ரோட்டில் நான்கு பொட்டலம் பிரியாணி வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போட்ட சட்டையோடு நேராக வருவான்.

நாங்கள் விளையாடியது பகடை விளையாட்டு. சூதாட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். பிழைத்தோமா செத்தோமா என்பதைப் பகடை சொல்லும். விதிகளுக்கு ஒரு புத்தகம். கதை நடக்கும் உலகத்துக்குத் தனியாக இன்னொரு புத்தகம். வரைபடம், ஊர்கள், அரசர்கள், எந்தக் காட்டில் என்ன மிருகம் என்று எல்லாம் அச்சாகிப் பெட்டியில் வரும். மேல்நாட்டுக் கம்பெனிகள் அதை வெளியிட்டன. மாடல் விமானம் விற்கும் கடையிலிருந்து நீதான் முதல் பெட்டியை வாங்கி வந்தாய். அதை நான் மறுக்கவில்லை.

அந்த உலகம் முழுக்கப் பனி. ஐஸ்பெட்டிக்கு வெளியே நாங்கள் யாரும் பனியைப் பார்த்ததில்லை. மழை வந்தால் ஓட்டை வழியாகச் சொட்டும் அறையில் உட்கார்ந்துகொண்டு, வியர்க்க வியர்க்க, கம்பளிப் போர்வை வாங்கலாமா என்று விவாதம் செய்வோம். வரைபடத்தின் தெற்கு மூலை மட்டும் வெறுமையாக இருந்தது. அதைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டே வரி. வெப்பமான நாடு, விஷப் பாம்புகள், நம்பத் தகாத கறுத்த மனிதர்கள். அவன் அந்த மூலையில் விரலை வைத்தான்.

"நாம இங்கதான்டா இருக்கோம்."

"அங்க ஒண்ணுமே இல்லியே," என்றாய் நீ.

"எழுதுனவன் வந்து பாக்கல. அதான் இல்ல."

அடுத்த ஞாயிறு ஓர் எக்சர்சைஸ் புத்தகத்தோடு வந்தான். இரண்டு வருடத்தில் அது ஆறு புத்தகம் ஆனது.

அவன் வேலை என்னவென்றால், விமானத்தில் எந்தச் சரக்கை எந்த இடத்தில் ஏற்ற வேண்டும் என்று எடை பார்த்துத் திட்டம் போடுவது. பிசகினால் வால் பக்கம் தாழ்ந்துவிடும். அதே மூளையை வைத்துத்தான் நாட்டையும் கட்டினான். மேல்நாட்டுப் புத்தகத்தில் ஆயிரம் பேர் படை எங்கிருந்தோ வரும், எங்கோ போகும். யாரும் சாப்பிட மாட்டார்கள். அவன் நாட்டில் ஒரு கோட்டைக்கு மாதம் எத்தனை வண்டி அரிசி, அந்த வண்டி ஆற்றைக் கடக்க எத்தனை நாள் என்று எழுதியிருக்கும். பருவக் காற்று தவறினால் கப்பல் ஆறு மாதம் துறைமுகத்திலேயே கிடக்கும்.

நீ கிண்டல் பண்ணுவாய். "டிராகன் வருதுன்னு சொல்றேன், இவன் அரிசி மூட்டைய எண்ணிக்கிட்டு இருக்கான்."

"டிராகன் என்ன காத்தையா குடிக்கும்? ஒரு வாரத்துக்கு எத்தனை மாடுன்னு சொல்லு. அந்த மாட்ட வளத்தவன் யாருன்னு சொல்லு. அப்புறம் உன் டிராகன் வரட்டும் லா."

ஒருநாள் அவன் கதை சொன்னான். ஒரு குன்றுக்கோட்டையை நாங்கள் மூன்று பேரும் சண்டை போட்டுப் பிடித்தோம். கதவைச் சாத்திவிட்டு உள்ளே கொண்டாடினோம். எதிரிகள் வெளியே வளைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். கோட்டையில் கிணறு இல்லை. எட்டு மாதமாக நான் வளர்த்த வீரன் தாகத்தில் செத்தான். எனக்கு வந்த கோபத்தில் பகடையைச் சுவரில் எறிந்தேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே மச்சான். கதவு எத்தனை அடி தடிப்புன்னுதான் கேட்ட."

இது எங்கள் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

பிறகு, அந்தப் பெட்டியை வெளியிட்ட கம்பெனி தன் சஞ்சிகையில் ஓர் அறிவிப்புப் போட்டது. உலகத்தின் எழுதப்படாத பகுதிகளை வாசகர்கள் எழுதி அனுப்பலாம், நன்றாக இருந்தால் அச்சிடுவோம் என்று. ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும். கூடவே ஒரு படிவம். படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். டைப்ரைட்டர் உன் அலுவலகத்தில் இருந்தது. உன் ஆங்கிலம் எங்கள் ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலம். "இவனே போடட்டும், அவங்க போன் பண்ணா இவன்தான் பேசுவான்," என்று சொன்னவன் நான். எங்கள் வழக்கமே அப்படித்தான். கடிதம், படிவம், அரசாங்க வேலை என்றால் ஆங்கிலம் தெரிந்தவனிடம் நீட்டிவிடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக்கூட மாட்டோம். நாட்டைக் கட்டியவனும் சிரித்துக்கொண்டு சொன்னான்.

"யாரு போட்டா என்ன? நாடு நம்மளோடதுதானே."

அவன் நோட்டுகளை மூன்று மாதம் நீ ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பினாய். அந்த உழைப்பு உன்னுடையது. அதற்கு நன்றி சொன்னோம்.

அதன் பிறகு அவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கி மாடிப்படி ஏற முடியாமல் போனது. ஞாயிறுகள் நின்றன. நீயும் நானும் தோ பாயோவில் அவன் வீட்டுக்குப் போவோம். ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"லெட்டர் வந்துச்சா?"

"இன்னும் இல்ல மச்சான்," என்பாய்.

கடைசியாக நாம் போனபோது அவன் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கப். அப்போதும் கேட்டான். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாய். "அப்ப புடிக்கல போல," என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பன்னிரண்டு நாளில் போய்விட்டான்.

அவன் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்து கூட்டம் காப்பி குடித்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி உன்னிடம் வந்தாள். படித்தவன் என்று உன்னிடம் வந்தாள். என்னிடம் வரவில்லை.

"அண்ணே, அவரு எழுதின நோட்டு ஆறு இருக்கு. பேய் படமெல்லாம் இருக்கு, வீட்டுல வைக்காதேன்னு ஜெபக் கூட்டத்துல சொல்றாங்க. அது முக்கியமானதா?"

"சும்மா விளையாட்டு லா தங்கச்சி. வச்சிருந்து என்ன பண்ணப் போற?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அழுகையாக இருந்தது, பேசவில்லை. அடுத்த வாரம் பழைய பேப்பர் எடுக்க வந்த காராங் குனிக்காரரிடம் ஆறு நோட்டையும் தூக்கிப் போட்டுவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவள் கேட்டுவிட்டுத்தான் போட்டாள்.

ஒரு வருடம் கழித்து அதே மாடல் கடையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். தெற்கு மூலை. அதே துறைமுகங்கள், அதே காற்று, அதே அரிசி வண்டிகள். வரைபடத்தை யாரோ நன்றாகத் திருத்தி வரைந்திருந்தார்கள். ஆனால் குன்றுக்கோட்டை அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. கிணறு இல்லை என்று அதே வாசகம். எழுதியவர் என்று உன் பெயர். உள்ளே சின்ன எழுத்தில், மேசை நண்பர்களுக்கு நன்றி. பெயர் எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் அச்சான மாதம் போட்டிருந்தது. கடையிலேயே விரல் விட்டு எண்ணினேன். அவன் சாவதற்கு ஐந்து மாதம் முன்னால்.

உன் அலுவலகத்துக்கு வந்தேன். லிஃப்ட் பக்கத்தில் நிற்க வைத்துப் பேசினாய்.

"ரூல் அப்படி. ஒரு பேருதான் கேட்டாங்க. இங்கிலீஷ் பூரா நான் எழுதுனது."

"அவன் படுக்கையில கேட்டானே. புத்தகம் உன் வீட்டுல இருந்துச்சா இல்லியா?"

"அந்த நிலைமையில போய்ச் சொன்னா மனசு கஷ்டப்படுவான்."

"எதப் பாத்துக் கஷ்டப்படுவான்? சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே அது?"

லிஃப்ட் வந்தது, ஏறிக்கொண்டாய்.

புத்தகத்தை அவன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். அட்டையைப் பார்த்தாள், முதல் பக்கத்தைப் பார்த்தாள், பின்னட்டையைப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாள்.

"அவரு பேரு எங்கண்ணே?"

"இல்லம்மா. ஆனா இது அவன் செஞ்சதுதான்."

"பேரு இல்லன்னா நான் எப்படி இவகிட்ட அப்பா செஞ்சதுன்னு சொல்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப அந்த நோட்டெல்லாம் முக்கியமானதுதானா?"

நான் ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அன்று அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது விளையாட்டுக் கண்காட்சி நடந்தால் சமூக மன்றத்தில் உன்னை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். அரிசி வண்டி யோசனை எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான் தோன்றும் என்று நீ சொன்னதைப் பின்வரிசையில் நின்று நானே கேட்டேன்.

எனக்குக் கடிதம் எழுதாதே. வீட்டுக்கு வந்து சமாதானம் பேசாதே. அடுத்த முறை நீ மேடை ஏறும்போது அவளையும் மகளையும் முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைப்பேன். தெற்கு மூலையை வரைந்தது யார், கடிதம் வந்ததா என்று அவன் கேட்ட அன்றைக்கு அந்தப் புத்தகம் உன் வீட்டில் இருந்ததா, நோட்டுகள் சும்மா விளையாட்டு என்று எந்த வாயால் சொன்னாய்? இவற்றுக்கு மைக்கைப் பிடித்து, அவன் முழுப் பெயரைச் சொல்லி, எல்லார் முன்னாலும் பதில் சொல்.