பொய் சொன்ன பிரேக் பேட்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜோதி காரை வாசலில் நிறுத்தினாள். ஆனால் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஜோதி என் மனைவி. கம்மாபுரம் பக்கத்தில் டீச்சர். தினமும் லாரிகள் ஓடும் ரோட்டில் ஓட்டிப் போய் வருகிறவள். நான் பக்கத்து சீட்டுக்காரன். எனக்கு ஓட்டத் தெரியாது.

"ஏங்க, பிரேக் புடிச்சா வண்டி இடப்பக்கமா இழுக்குது. இன்னிக்கு ஓரமா ஒரு டூவீலரு. புருசன், பொண்டாட்டி, நடுவுல கொழந்த. ஒரு முழம்தாங்க இருந்துச்சு."

ஒரு முழம்! பூ வாங்கும்போது அது எவ்வளவு குறைவாகத் தெரிகிறது...

மறுநாள் அவள் பஸ்ஸில் போனாள். மெக்கானிக் அந்தோணி வந்து காரைப் பட்டறைக்கு ஓட்டிப்போனார். நானும் கூடப் போனேன். முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, ஒரு பிரேக் பேடை உருவினார். இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டிய கறுப்பு லைனிங். உள்ளங்கை அகலம்தான். இதுவா என் ஜோதியை இத்தனை நாளாக நிறுத்திக்கொண்டிருந்தது?

"நாலும் மாத்திடலாம் சார். இத சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போங்க."

பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டுக்கு நடந்தேன். ஸ்பேர்ஸ் கடை கலாம்மாவிடம் பதினெட்டு வயது காரின் ஆர்.சி. புக்கை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"புக்கு பதிவு பண்ண வருசத்தத்தான் சொல்லும் சார். இந்த வண்டிக்கு ஒரே வருசத்துல ரெண்டு வித பேடு வந்துச்சு. பழசக் காட்டுங்க."

பழசை வைத்தார். அதன்மேல் புதுசை வைத்தார். அச்சு அசல். காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த ஓரம் மட்டும் புதுசில் ஒரு நூல் அதிகம்.

"பழசு தேஞ்சிருக்கும்" என்றேன் நான்... பெரிய நிபுணன்!

"அப்படித்தான் இருக்கும்" என்றார் அவரும்.

பட்டறையில் அந்தோணி மாட்டிப் பார்த்தார். உட்காரவில்லை. தட்டினார். அசையவில்லை. அரத்தை எடுத்தார். கர்... கர்... என்று நாலு இழுப்பு. நான் டீயை உறிஞ்சிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். புதுச் சட்டைக்குக் கை நீளம் குறைக்கிற மாதிரிதானே, இதிலென்ன?

சட்டென்று அரம் நின்றது. அந்தோணி பழைய பேடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதன் காதிலும் மெல்லிய கோடுகள்.

"சார், இது தேஞ்சது இல்ல. இரும்பு எங்க தேயுது? லைனிங்குதான் தேயும். இத ராவியிருக்காங்க."

"யாரு?"

அரத்தைக் கீழே வைத்தார்.

"யாரு... நாந்தான். போன வருசம் மாத்தினப்ப உக்காரல. அவசரம், ராவி மாட்டிட்டேன். என் கைதான் சார் இது. தப்பான பேடு. அது வலது பக்கம் சிக்கிக்கிட்டு அரைகுறையா புடிக்குது, இடது பக்கம் முழுசா புடிக்குது. அதான் டீச்சருக்கு இழுத்திருக்கு. அதையே சாம்பிளா காட்டுனதால இன்னிக்கும் அதே தப்பு வந்திருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு முழம், அந்தக் குழந்தை, எல்லாம் கண்முன் வந்தது. ஆனால் இப்படி ஒப்புக்கொண்டு நிற்கிற மனிதனிடம் எப்படிக் கத்துவது?

எங்கள் ஊர் பீங்கான் பட்டறையில் அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அன்றைக்கு வரும் பொம்மைகளெல்லாம் அதே கீறலோடுதான் வரும். பொம்மையோடு பொம்மையை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாம் சரியாகத்தான் இருக்கும்! கோபம் வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பது என் அப்பாவின் வழக்கம். நானும் அப்படியே இருந்தேன், கல்யாணமாகிப் பல வருடம். ஆண் என்றால் அப்படித்தான் என்பது என் எண்ணம். கையிலிருந்த ஒரே சாம்பிள் அவர்தானே...

அந்தோணி இந்த முறை பேடை விட்டுவிட்டார். அதைப் பிடித்திருக்கும் கேலிபரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். செம்மண் உதிர்ந்தது, கரித்தூசி உதிர்ந்தது, அடியில் எண் தெரிந்தது. சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டின் அகலத்தையும் அளந்தார். இரண்டையும் போட்டோ எடுத்துக் கலாம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அட, அந்த செட்டா! அது வேற டப்பா சார். ராவினத அங்கயே வெச்சுடுங்க, தெரியாம யாராவது சாம்பிளுக்குக் கொண்டாந்துடப் போறாங்க."

வேறு டப்பா வந்தது. விரலால் தள்ளினார். போய் உட்கார்ந்தது. அரத்தைத் தேடவே இல்லை. பழசு நாலையும், ராவிய புதுசையும் சுத்தியலால் வளைத்துக் குப்பையில் போட்டார்.

சாயங்காலம் ஜோதி வேப்பூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் வராத இடமாகப் பார்த்து ஓங்கி மிதித்தாள். கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பக்கத்து சீட்டில் நானும் இல்லாத பெடலை ஓங்கி மிதித்திருந்தேன்.

திரும்பும்போது பட்டறையில் நடந்ததைச் சொல்லிவிட்டு மெல்லக் கேட்டேன்: "இனிமே வேற மெக்கானிக் பாக்கலாமா?"

ஜோதி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேற ஆளு மட்டும் ராவ மாட்டாராக்கும்? ராவுவாருங்க. சொல்ல மாட்டாரு, அவ்ளோதான்."