ஒழுகினசேரி மேட்டில் நின்ற பேபி கார்

செம்புக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் ஒரு சத்தம் வருமே... அந்தச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு புகை.

திருவிதாங்கூர் மகாராஜா ஆண்ட காலம். முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோவாளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துரையிடமிருந்து அப்பா ஒரு பேபி கார் வாங்கினார். பச்சை நிறம். நாலு பேர் ஏறினால் முழங்கால் தாடையில் முட்டும். "காரா, கோழிக்கூடா?" என்று ஊரில் கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போவார். அந்தக் காரை அவர் எனக்காகத்தான் வாங்கினார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மேலே படிக்க நாகர்கோவில் போக வேண்டும். அப்பாவின் மூத்த அக்கா, எங்கள் பெரிய அத்தை, புருஷன் போன பிறகு எங்களோடு இருந்தாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். பஸ்ஸில் நாலு ஆம்பிளைகளோடு இடித்துக்கொண்டு பிள்ளை போகக் கூடாது, சொந்த வண்டி இருந்தால் போகட்டும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அப்பா நிஜமாகவே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அப்போது ஊரில் பங்க் ஏது... பெட்ரோல் தகர டின்னில் வரும். நாகர்கோவிலில் ஒரு கடை. அதிலும் இரண்டு ரகம் உண்டு, விலை குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று. அப்பா கூடியதைத்தான் வாங்குவார். மட்டமானதை ஊற்றினால் மேட்டில் வண்டி இருமும் என்பார். புனலில் பழைய வேட்டித் துண்டை விரித்து, வடிகட்டி ஊற்றுவார். அந்த வாசனைக்காகவே நான் பக்கத்தில் போய் நிற்பேன்.

திங்கட்கிழமை என்னைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி நாள். நாற்று நடவு நேரம், அப்பா வாரம் முழுவதும் வயலிலேயே கிடந்தார். சனிக்கிழமை காலையில்தான் டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும் நனைந்தது. யாரையாவது அனுப்பி ஒரு டின் வாங்கிவரச் சொல்லக் கிளம்பியவரை அத்தை மறித்தாள்.

"சனிக்கிழம எண்ண வாங்கப்படாது."

"அக்கா, இது தலையில தேய்க்கவா? வண்டிக்குல்லா."

"வெளக்குல ஊத்துனா என்ன, வண்டில ஊத்துனா என்ன? எண்ணன்னா எண்ணதான். பிள்ள நல்ல காரியத்துக்குப் போறா. சனியன வெலகுடுத்து வாங்காத."

அப்பா குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு. கடைக்காரர் வேதக்காரர், கிறிஸ்தவர். பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனால் அன்றைக்குக் கடை திறக்கவே மாட்டார். எங்கள் சனிக்கும் அவர்கள் ஞாயிறுக்கும் நடுவில் என் படிப்பு மாட்டிக்கொண்டது.

திங்கள் காலையில் அப்பா யோசித்துப் பார்த்தார். வீட்டில் விளக்குக்கு வாங்கி வைத்த மண்ணெண்ணெய் இருந்தது. கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தால் போதும், அங்கே நல்லது ஊற்றிக்கொள்ளலாம் என்று மண்ணெண்ணெயை டாங்கில் கலந்தார். சமவெளியில் வண்டி ஓடத்தான் செய்தது. நான் புதுப்பாவாடையில் முன்னால், அத்தை பின்னால். இடவப்பாதி மழை, அதுதான் தென்மேற்குப் பருவமழை, தூறிக்கொண்டிருந்தது.

ஒழுகினசேரிப் பாலம் தாண்டி மேடு ஏறும்போது அந்தப் புளியங்கொட்டைச் சத்தம்... வெள்ளைப் புகை... இரண்டு குலுக்கு. வண்டி நின்றுவிட்டது.

சந்தைக்குப் போகிற கூட்டம் சுற்றி வளைத்துக்கொண்டது. ஒரு மாட்டுவண்டிக்காரர் தலையை நீட்டி, "பிள்ளைவாள், மாடு ஒண்ணு அவுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா வண்டியின் மூக்கில் ஹாண்டிலைச் செருகிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் சட்டை நனைந்தது மழையிலா வியர்வையிலா, தெரியாது.

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். என் கையைப் பிடித்து, கேலி பேசிய அதே வண்டிக்காரரிடம் ஊருக்குத் திருப்பச் சொன்னாள்.

"நாலுபேரு பாக்க நடுரோட்டுல நின்னது போரும். ஏறுட்டி."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கார் மூடியைத் திறந்து உள்ளே குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை.

அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சாயங்காலம் சொன்னார். அடுத்த வருஷத்துக்குள் நான் பெரியவளாகிவிட்டேன். அதோடு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. காரும் கைமாறிப் போயிற்று.

என் பெண்மக்கள் மூன்று பேரும் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். பேத்திகளும் அப்படியே. வீட்டில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கொஞ்சம் அலுப்பு மட்டும் உண்டு. கோபப்படலாம் என்றால் யார்மேல் கோபப்பட? எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

போன வாரம் பேத்தி தன் சின்னக் காரில் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியில் பங்கில் நிறுத்தினாள். அன்று சனிக்கிழமை. சாதாவா பவரா என்று பையன் கேட்டான். பவர் போடச் சொன்னாள். ஆக்டேன் கூடுதல், மேட்டில் இடிக்காது என்று எனக்கு விளக்கினாள். அவள் பாட்டிக்கே பாடம்!

அவளிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பாலம் தாண்டினோம். வண்டி சத்தமே இல்லாமல் மேடு ஏறியது. நான் கதையை முடிக்கும் முன்னே நான் சேர வேண்டியிருந்த பள்ளிக்கூடத்து வாசல் வந்துவிட்டது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பக்கமா ஆச்சி? எறங்கி நடந்திருக்கலாமே?"

"நடந்திருக்கலாம் மக்களே. கார்ல வந்தோம்லா... யாருக்கும் தோணல்ல."