படகுக்கு எண்பது, கப்பலுக்கு இருபது

அலுவலகத்தில் அவருக்குப் ‘பங்குக்காரர்’ என்று பெயர். இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டால், யார்மேல் எத்தனை பங்கு தப்பு என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒருவருக்குக்கூட நூற்றுக்கு நூறு என்று எழுதியதில்லை. “மோதுறதுக்கு ரெண்டு பேர் வேணுமே” என்பார்.

வீட்டிலும் அதே புத்திதான். டம்ளர் உடைந்தால், “விளிம்புல வச்ச உனக்கு நாப்பது, தட்டிவிட்ட எனக்கு அறுபது” என்று தீர்ப்பாகிவிடும். “அள்ளுறது மட்டும் நூறும் எனக்கா?” என்று மனைவி துடைப்பத்தை அவர் கையில் திணிப்பாள்.

அந்த வாரம், பனிமூட்டத்தில் பயணிகள் படகும் சிமெண்ட் கப்பலும் மோதிய வழக்கு வந்தது. யாருக்கும் அடியில்லை, படகின் மூக்குதான் நசுங்கிப்போயிருந்தது. நிமிடம் பிசகாமல் கிளம்புவதில் பேர்போன படகு அது. பதினோரு வருடமாக ஓட்டியவர் ஒரு பெண். தப்பில் பாதிக்குமேல் அவர் பங்கு என்று வந்தால் லைசென்ஸ் போய்விடும்.

பங்குக்காரர் வழக்கம்போல ரப்பரைப் படகாகவும் ஸ்டேப்ளரைக் கப்பலாகவும் வைத்து மேசையில் நகர்த்திப் பார்த்தார். மோதியது 7.13 என்று கப்பலின் கருவி பதிந்திருந்தது. படகின் பதிவேட்டில் ‘7.12, என்ஜின் நிறுத்தம்’ என்பதோடு சரி. அதற்குமேல் எழுத யாருக்குக் கை ஓடும்? ஆக, கடைசி நிமிடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார். படகுக்கு எண்பது, கப்பலுக்கு இருபது என்று எழுதி மூடினார். மறுநாள் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

மறுநாள் காலை, பொத்தானைப் போட்டபடி சமையலறைக்குள் பாய்ந்தவர், காபியோடு வெளியே வந்த மனைவிமேல் முட்டினார். சட்டையெல்லாம் காபி.

“எருமை மாதிரி வந்து விழுறீங்களே!”

“மணி எட்டே கால் ஆச்சு, ஓடி வராம என்ன பண்ண? இதுல உனக்கு முப்பது...”

“மண்ணாங்கட்டி! அந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட். நான்தான் திருப்பி வச்சேன். இல்லாட்டி நீங்க என்னிக்கு நேரத்துக்குக் கிளம்புனீங்க?”

“எப்போலேர்ந்து?”

“கல்யாணமான மறு வருஷத்துலேர்ந்து. உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.”

பங்குக்காரருக்குச் சுருக்கென்றது. மோதல் வழக்கில் முதல் வேலையே இரண்டு பக்கத்துக் கடிகாரங்களையும் ஒப்பிடுவது. சின்னப் படகுதானே என்று அதை விட்டிருந்தார். காபிச் சட்டையோடே படகுத்துறைக்கு ஓடி, படகு ஓட்டும் பெண்ணைப் பிடித்தார்.

“உங்க கடிகாரம் சரியா ஓடுதாம்மா?”

“நாலு நிமிஷம் முன்னாடி ஓடும் சார். அப்பதான் பசங்க நேரத்துக்குக் கயித்தை அவுப்பாங்க.”

“இதை ஏன் சொல்லல?”

“படகுல எல்லாருக்கும் தெரியுமே சார்!”

வாய்ச்சொல் போதாது. துறைமுக வானொலி அறையின் பதிவைப் புரட்டினார். அன்று படகு ‘கிளம்புகிறேன்’ என்று சொன்னது 6.50. படகின் பதிவேட்டில் அதுவே 6.54. அப்படியானால் என்ஜின் நின்றது 7.08. ஐந்து நிமிடமாகச் சும்மா நின்ற ரப்பர்மேல் ஸ்டேப்ளர்தான் வந்து ஏறியிருக்கிறது. படகின் எண்பது முப்பதானது. துறைக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

“நின்னுக்கிட்டிருந்த என்மேல எதுக்கு சார் முப்பது?”

“பனியில ஹாரன் அடிக்கலயேம்மா.”

“அது உண்மைதான்” என்றவர், லைசென்ஸ் தப்பியது அப்போதுதான் உறைத்ததுபோல் கயிற்றுச் சுருள்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

மேலாளர் விடவில்லை. “நேத்து எண்பது, இன்னிக்கு முப்பதா? யார் தப்பு இது?”

“என் தப்பு சார்.”

“எவ்வளவு?”

“நூறு.” அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த வாரம் அதே படகில் ஏறினார். நேரமாகியும் படகு அசையவில்லை. ஓட்டும் அறைக்குள் எட்டிப் பார்த்தார். “என்னம்மா, இன்னும் கிளம்பலயா?”

“நீங்க வந்துட்டுப் போனதும் கடிகாரத்தைச் சரி பண்ணிட்டேன் சார். அதுலேர்ந்து தினமும் லேட்டு. இதுல உங்க பங்கு எவ்வளவுன்னு சொல்லுங்க!”