உட்கார்ந்து குளிக்கிறவருக்கு ஒரு கைப்பிடி

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து நைனா எங்கள் சித்தூர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரைக் குளிப்பாட்டுவது நான்தான். பெற்ற மகள்தான் என்றாலும், முதல் சொம்புத் தண்ணீர் விழுவதற்குள் கண்ணை இறுக மூடிக்கொள்வார். துண்டைச் சுற்றிவிடும்வரை திறக்கமாட்டார். எனக்கு அழுகையாக வரும்.

"சுவரில் பிடிமானம் இருந்தால் அவரே குளித்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், திருப்பதிக்கு பஸ் ஏறி இரண்டு ஸ்டீல் கைப்பிடிகள் வாங்கி வந்துவிட்டேன். ஆள் கூப்பிடக்கூடப் பொறுமையில்லை. பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் இரவல் வாங்கினேன். டைல்ஸைத் தட்டித் தட்டி, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் வராத இடமாகப் பார்த்து, டிரில் முனை வழுக்காமலிருக்க டேப் ஒட்டி, போனில் பார்த்த வீடியோவில் காட்டிய உயரத்தில் ஷவருக்குக் கீழே குறி வைத்தேன். பெருமை தாங்காமல் நைனாவைக் கூப்பிட்டேன்.

வாக்கரில் வந்து பார்த்தார். "இது யாருக்கும்மா? நின்னுக்கினு குளிக்கிறவனுக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் ஒருவரும் ஷவரில் நின்றதே இல்லை. உட்கார்ந்து, பக்கெட்டில் மொண்டு ஊற்றினால்தான் எங்களுக்குக் குளித்த மாதிரி. நல்லவேளை, இன்னும் துளை போடவில்லை.

"நைனா, டாக்டர் சொன்ன ஸ்டூல்ல சட்டையோட உக்காரு. குளிக்கிற மாதிரி பண்ணு."

காலி சொம்பைத் தலையில் கவிழ்த்து, முதுகு தேய்த்து, ஒன்று விடாமல் நடித்தார். எழப்போகும்போது அவர் கை தானாகப் போய் ஊன்றிய இடத்தில் குங்குமப் பொட்டு வைத்தேன்.

"செவுத்துக்குக் கல்யாணமா?" என்று சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

டைல்ஸ் உடையாமலிருக்க முதலில் மெதுவாக, அதிர்வு இல்லாமல்; செங்கல் தட்டுப்பட்ட பிறகுதான் முழு வேகம். துளையைத் துடைத்து, ஆங்கர் போல்ட்டை முறுக்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு என் மொத்த கனத்தையும் போட்டு இழுத்தேன். நான் ஒன்றும் இளைத்தவள் இல்லை. அது அசையவில்லை. வீட்டுக்குள் ஒரு சுற்று ஆடிவிட்டு வந்துதான் அடுத்ததை மாட்டினேன்.

மறுநாள் காலை வெந்நீர் விளாவிவிட்டு, வழக்கம்போல் அவரோடு உள்ளே நின்றேன். நைனா உட்கார்ந்து எழுந்து, கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.

"நீ போம்மா," என்றார்.

வெளியே வந்தேன். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தாழ் போடாதே என்று சொல்ல வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். முதல் சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இன்றைக்கு அவர் கண் திறந்துதான் இருக்கும்.