உப்பை விட்ட நயினார்

ஜீவந்தர நயினாருக்கு உப்பு நார்த்தங்காய் என்றால் உயிர். அது இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் திடீரென்று "இனிமே எனக்கு உப்பே வேணாம்" என்றால் வீடு சும்மா இருக்குமா?

பிள்ளையார்பாளையத்தில் அவருக்குப் பட்டுநூல் கடை. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்று எதிர்ச்சாரியிலிருந்த டாக்டர் உமாபதியிடம் காட்டினார். சிறுநீரைச் சோதித்த டாக்டர், "கிட்னி கெட்டுக்கினே வருது நயினாரே. போனது திரும்பாது, இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். உப்பு கூடாது, பருப்பு, பாலெல்லாம் குறைங்க, மூக்குப்பொடிய விடுங்க" என்றார்.

நயினாரின் அண்ணன் இதே வீக்கத்தில்தான் போனார். வீட்டில் சொன்னால் ரத்னமாலா இடிந்துபோவாள் என்று வாயை மூடிக்கொண்டார். பெரிய சாமர்த்தியசாலி!

முதலில் உப்பு போயிற்று. பிறகு பருப்பு. அப்புறம் பாலும் தயிரும். மனைவி கேட்டால், "மனசு போவலம்மா" என்று ஒரு சிரிப்பு. அவர் குடியிருந்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் தெருவில் வயதான ஒருவர் இப்படி ஒவ்வொரு பண்டமாக விட்டுக்கொண்டே வந்தால் ஊர் என்ன நினைக்கும்? சல்லேகனை என்றுதான் நினைக்கும். உணவைப் படிப்படியாகக் குறைத்து, அமைதியாக உயிரை விடுகிற விரதம் அது. தெருவே தன் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இந்த மனிதருக்கு உறைக்கவே இல்லை. ரத்னமாலா அடுக்களையில் அழுதாள். ஆனால் விரதத்தைத் தடுப்பது பாவமாயிற்றே, வாய் திறக்கவில்லை.

ஒருநாள் காலை கோயிலிலிருந்து திரும்பினால் வாசலெல்லாம் செருப்பு. கூடம் நிறைய உறவுக்காரர்கள். மாகறலிலிருந்து வந்திருந்த மைத்துனன் பாகுபலி ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, தெரிஞ்சோ தெரியாமயோ எதுனா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. நீங்க போறதுக்கு முன்ன கேட்டுக்கணும்னு வந்தேன்."

"எங்கப்பா போறேன்? கடைக்குத்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. பாகுபலி எழுந்தான். அவன் விரல் அழுத்திய இடங்கள் நயினாரின் புறங்காலில் குழிகுழியாக அப்படியே நின்றன. ரத்னமாலா பார்த்துவிட்டாள். உட்கார்ந்து தானும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். வீக்கத்தில் போன மூத்தாரின் காலை அவள் மறந்திருந்தால்தானே?

"இது விரதமில்ல. எத்தினி நாளா இப்படி இருக்குது? சொல்லுங்க!"

நயினார் சொன்னார். டாக்டர் சொன்னதையெல்லாம், அத்தனை பேர் முன்னாலும், ஒன்று விடாமல் சொன்னார்.

"சாவறதுக்காக விடல ரத்னா. இன்னும் கொஞ்ச காலம் உங்கூட இருக்கணும்னுதான் விட்டேன்."

ரத்னமாலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றதும் கோபம் வந்தது.

"பாவி மனுசா! நான் உங்கள வழியனுப்ப மனசத் தேத்திக்கினு இருந்தேனே! மொதல்லயே சொல்லியிருந்தா உப்பில்லாமலே வாய்க்கு வெளங்கறாப்புல வெந்தயமும் எலுமிச்சையும் போட்டு ஆக்கியிருப்பேனே!"

விடுவிடுவென்று உள்ளே போய் நார்த்தங்காய் ஜாடியைத் தூக்கிவந்து தம்பி கையில் கொடுத்தாள்.

"இந்தா, எடுத்துக்கினு போ. இது இந்த வீட்ல இருக்கக் கூடாது."

ஜாடி வாசற்படி தாண்டியபோதுதான் நயினாருக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்த ரத்னமாலா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அது போனாப் போவுது. நீங்க இருங்க."